காரைக்குடிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மெஸ்ஸிலும் டிபன் கடையிலும் சாப்பிடப் பழகும் வழி

காரைக்குடிக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒரு மெஸ் வாசலில் போய் நின்றேன். உள்ளே பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு இருந்தது, ரசம் இருந்தது, மோர் இருந்தது. குழம்பு தீர்ந்துபோயிருந்தது. கல்லாவில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “லேட்டாகும்னு காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே தம்பி” என்றார். அதற்கு முன் என்னை அவர் பார்த்ததே இல்லை. ரசஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஓர் ஆம்லெட் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

இந்த ஊரில் சாப்பாட்டு விஷயத்தில் நான் கற்றதெல்லாம் அந்த ‘ஒரு வார்த்தை’யிலிருந்துதான் தொடங்கியது. செட்டிநாட்டுச் சின்னக் கடைகளில் பல இடங்களில் மெனு அட்டையே கிடையாது. இருந்தாலும் அதில் எழுதியிருப்பது பாதி, அடுப்பில் இருப்பது மீதி. என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும், என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும், எப்போது வருவோம் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வாய் திறந்து பேசுகிறவருக்கு இங்கே வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு படி கீழே சாப்பாடு கிடைக்கும். அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறவர்கள், சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள், வங்கி மாறுதலில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்கள், இவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கடை எந்த நேரத்துக்கு

ஒரே கடையில் மூன்று வேளையும் எல்லாமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிபன் கடை காலையிலும் இரவிலும் நடக்கும். மெஸ் என்று பெயர் வைத்த இடங்களுக்கு மதியம்தான் உயிர். பலகாரம் மாலையில். பரோட்டாக் கடைகளில் விளக்கு வைத்த பிறகுதான் கல்லில் சத்தம் கேட்கும். கல்லூரிச் சாலைப் பக்கம் மாலையில் தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட், சாண்ட்விச், நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். அங்கே பலகையில் விலை எழுதியிருக்கும், கைகாட்டினால் போதும், வழிகாட்டி தேவையில்லை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிற இடங்களில் வாழையிலை விருந்து உண்டு. அதற்கு முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. வீட்டிலிருந்து பெற்றோர் பார்க்க வந்தால் ஒருமுறை அழைத்துப் போகலாம். அன்றாடத்துக்கு ஆகாது.

நான் பேசப்போவது அன்றாடத்தைப் பற்றி.

வந்து சேர்ந்ததும் முதல் இரண்டு மூன்று நாள் தங்கும் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். செக்காலையோ, கழனிவாசலோ, பெரியார் சிலைப் பக்கமோ, எங்கே இருந்தாலும் பத்து நிமிட நடையில் நாலு கடையாவது தென்படும். பார்க்க வேண்டியது போர்டை இல்லை, கூட்டத்தை. காலை ஏழரைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று கலந்து உட்கார்ந்திருக்கும் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இவர்கள் தினமும் சாப்பிடுகிறவர்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத கடைக்கு இரண்டாவது முறை போக மாட்டார்கள்.

நேரக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். காலை டிபன் ஏழு மணிக்குச் சூடு பிடித்து பத்தரைக்குள் ஓய்ந்துவிடும். எட்டு மணிக்குள் போனால் சட்னி வகைகள் எல்லாம் இருக்கும். இட்லிக்குக் கோசமல்லி வைக்கிற கடையாக இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்: கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளிக்கரைசலில் வெங்காயம் சேர்த்துச் செய்வது, சாம்பாரைவிட இளகியது. தினமும் செய்ய மாட்டார்கள், செய்த அன்றும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு இலை விழும். ஒன்றேகாலிலிருந்து இரண்டு வரை நெரிசல். இரண்டரைக்கு மேல் போனால் என் கதைதான். அலுவலகத்தில் மதிய இடைவேளை தள்ளிப்போகும் வேலை என்றால் காலை டிபனுக்குப் போகிற வழியிலேயே மெஸ்ஸில் எட்டிப் பார்த்து, “அக்கா, இன்னிக்கு ரெண்டே முக்கால் ஆகும், மீன் குழம்பு கொஞ்சம் எடுத்து வைங்க” என்று சொல்லிவிடுங்கள். இதற்குக் கூடுதலாக ஒரு பைசா கேட்க மாட்டார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கக் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்த முறை எடுத்து வைக்க யோசிப்பார்கள். யோசிப்பதில் நியாயமும் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும்

கையைக் கழுவிவிட்டுக் காலியான இடத்தில் உட்காரலாம். நாலு பேர் மேசையில் இருவர் இருந்தால் மற்ற இரண்டு இடம் உங்களுக்குத்தான், தனி மேசைக்குக் காத்திருப்பதில்லை. எதிரில் இருப்பவர் முகம் தெரியாதவராக இருந்தாலும் தண்ணீர்ச் செம்பை நகர்த்தித் தருவார், நீங்களும் தாருங்கள்.

அழைப்பதில் தயக்கம் வரும். பரிமாறுகிற ஆண்களை ‘அண்ணே’ என்றும், பெண்களை ‘அக்கா’ என்றும் அழைத்தால் எங்கேயும் பிழையாகாது. உங்களைவிடச் சிறியவர் என்றால் ‘தம்பி’. சொடக்குப் போடுவது, ‘ஹலோ’ என்பது, ‘பாஸ்’ என்பது எதுவும் வேண்டாம். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ‘ஆச்சி’ என்றால் பாட்டி. இங்கே நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது, வயது குறைந்தவரையும் ஆச்சி என்பார்கள். பாட்டி என்று நினைத்து வயதானவரைத் தேடிப் பிடித்து அழைக்க வேண்டியதில்லை. நகரத்தார் அல்லாத பெண்மணியை அப்படி அழைத்தால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பழகும்வரை ‘அக்கா’ போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே “சைவம்தாண்ணே” என்று சொல்லிவிடுங்கள். அசைவ மெஸ்ஸில் சாப்பாடு என்று கேட்டாலே கறிக்குழம்பு வாளியோடுதான் வருவார்கள், கரண்டி சாயும் வேகத்தில் மறுக்க நேரம் இருக்காது. பெரும்பாலான இடங்களில் சாம்பாரும் ரசமும் தனியாக இருக்கும். அதே பாத்திரம், அதே கரண்டி கூடாது என்று நினைப்பவர்கள் சைவக் கடைக்கே போய்விடுவது நல்லது, அப்படிக் கடைகள் ஊரில் நிறைய உண்டு. இன்னொன்று, இங்கே ‘கறி’ என்றால் ஆட்டிறைச்சி. பிற மாநிலத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் காய்கறிக் குழம்பு என்று நினைத்துக் கறிக்குழம்பு கேட்டுவிட்டு, இலையில் எலும்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பரிமாறியவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். இருவர் மேலும் தவறில்லை.

இலையும் தட்டும்

இலை விரித்ததும் குறுகிய நுனி உங்கள் இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய் வந்து சேரும். இவை சாப்பாட்டு விலைக்குள் அடங்கியவை. தீர்ந்தால் கேட்கலாம், வைப்பார்கள்.

அப்புறம் வருவது தட்டு. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருவர் கையில் அகலமான எவர்சில்வர் தட்டு. அதில் எட்டுப் பத்து சின்னக் கிண்ணங்கள் நெருக்கியடித்து நிற்கும். கருமையாக எண்ணெய் மின்னும் மட்டன் சுக்கா, கறிவேப்பிலையும் வரமிளகாயும் மேலே கிடக்கும் கோழி வறுவல், ஓட்டோடு உடைத்துப் போட்ட நண்டு, இறால், ஈரல், காடை, வறுத்த மீன் துண்டு. தட்டை உங்கள் மூக்குக்கு ஓரடி தூரத்தில் நிறுத்தி, “என்ன வைக்கட்டும்?” என்பார். கேட்கிற தொனியைப் பார்த்தால் சாப்பாட்டோடு சேர்ந்தது மாதிரியே இருக்கும். நான் முதல் தடவை சுக்கா, நண்டு, மீன் என்று மூன்றைக் கை காட்டினேன். சாப்பாடு அருமையாக இருந்தது. கல்லாவுக்கு வந்தபோது நான் நினைத்திருந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் பில். மாதக் கடைசி, பையில் இருந்ததை எண்ணி எண்ணிக் கொடுத்தேன். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தட்டில் வருவது எல்லாம் தனி விலை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்குத்தான் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், புது முகம் என்று தெரிந்தால் விலையைச் சொல்லிவிட்டு வைப்பது கடைக்கும் நல்லது. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்காது.

அதனால் தட்டு வந்ததும், “சுக்கா எவ்வளவுண்ணே?” என்று கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை, தினம் சாப்பிடுகிறவர்களும் கேட்பார்கள், நண்டும் மீனும் வரத்தைப் பொறுத்து விலை மாறும். ஒன்றும் வேண்டாம் என்றால், “குழம்பு மட்டும் போதும்ணே” என்று சொல்லலாம். முகம் சுளிக்க மாட்டார்கள். கறிக்குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு மூன்றும் பெரும்பாலான மெஸ்களில் சாப்பாட்டு விலைக்குள்ளேயே வந்துவிடும், துண்டுக்குத்தான் தனிக் காசு. குழம்பில் மசாலாவும் எலும்பின் சாறும் இறங்கியிருக்கும். சம்பளம் வருவதற்கு முந்தைய வாரம் குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு நான் நிறைவாக எழுந்த நாட்கள் பல.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் எழுந்ததும் பரிமாறியவர் இலைக்குப் பக்கத்தில் இருக்கும் காலிக் கிண்ணங்களைப் பார்த்துக் கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: “சாப்பாடு ஒண்ணு, சுக்கா ஒண்ணு, ஆம்லெட் ஒண்ணு!” அதுதான் உங்கள் பில். பக்கத்தில் இருந்தவர் கிண்ணம் உங்கள் பக்கம் நகர்ந்திருந்தால் அதுவும் சேர்ந்துவிடும். அந்தக் குரல் எழும்பும் நேரத்திலேயே “ஆம்லெட் அவருக்குண்ணே” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கல்லாவில் போய் வாதாடினால் கேட்பவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது.

எதை எதற்கு முன்னால்

சோற்றை ஒரேயடியாகக் குவிக்க விடாதீர்கள். “கொஞ்சமா வைங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்” என்று சொல்லுங்கள். முதலில் கறிக்குழம்பு அல்லது கோழிக் குழம்பு, அடுத்து மீன் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர். மீன் குழம்பின் புளிப்பு நாக்கில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு கறிக்குழம்பின் வாசனை எடுபடாது, வரிசை அதனால்தான். போதும் என்றால் இலைக்கு மேல் உள்ளங்கையைக் குறுக்கே காட்டுங்கள். வாயால் மட்டும் சொன்னால் பரிமாறுகிறவர் அதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுவிடுவார்.

‘செட்டிநாடு’ என்றதும் நாக்கு எரியும் என்று பயந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர் ஓட்டல்களில் ‘செட்டிநாடு சிக்கன்’ என்று செக்கச் சிவந்து வருவதைச் சாப்பிட்டுவிட்டு அப்படி நினைக்கிறார்கள். இங்கே தெருமுனை மெஸ்ஸில் அந்தப் பெயரை அதிகம் கேட்க மாட்டீர்கள். கோழிக் குழம்பு, நாட்டுக்கோழி, மிளகு வறுவல் என்றுதான் சொல்வார்கள். காரம் உண்டு. அதைவிட முன்னால் நிற்பது வாசனை. சோம்பு, மிளகு, பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, இவற்றோடு கல்பாசி. கல்பாசி என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளரும் ஒன்று, காய்ந்த மரச்சீவல் மாதிரி இருக்கும். பச்சையாக முகர்ந்தால் ஒன்றுமே தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்ததும் மழை நனைத்த மண்ணும் மரமும் கலந்த ஒரு மணம் கிளம்பும். தெருவில் போகும்போது அந்த மணம் வந்தால் உள்ளே அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

காரம் குறைவாக வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். உப்புக்கறி இருக்கிறதா என்று விசாரியுங்கள்: சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, இவ்வளவில் முடியும் ஆட்டுக்கறி. மசாலாப் பொடி ஏறாததால் கறியின் ருசி தெரியும். சைவத்தில் மண்டி ஒன்று. அரிசி கழுவிய தண்ணீரில் புளி சேர்த்து வெண்டைக்காயையோ வேறு காயையோ கொதிக்க வைப்பது. எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைக்கிற நாளில் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். தண்ணீரைப் பற்றி ஒன்று: காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரால் பெயர் உண்டு. ஆனாலும் புதிதாக வந்தவர்கள் முதல் சில வாரம் வெந்நீர் கேட்டுக் குடிப்பது வயிற்றுக்கு நல்லது. கேட்டால் தருவார்கள்.

மாலை: பலகாரத்துக்கு நிற்பது

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் மாலை ஐந்து மணி. கந்தரப்பம், மசாலா சீயம், குழிப்பணியாரம், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் பணியாரம்.

சில கடைகளில் அடுப்பு வாசலிலேயே இருக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள். பச்சரிசியும் உளுந்தும்தான் மாவு. அரிசியை ஆழாக்கில் தலை தட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரம்போல் நிற்கும் வரை கொட்டுவார்கள். அதற்குமேல் சரிந்து விழுவது கணக்கில் சேராது. ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்து, உப்போடு கொஞ்சம் பால் சேர்ப்பார்கள். புளிக்க விடுவதில்லை. எண்ணெய் காய்ந்ததும் ஒரு குழிக்கரண்டி மாவைக் கடாயின் நடுவில் விடுகிறார் அந்த அக்கா. அது அடியில் போய் ஒரு நொடி நின்று, மெல்ல மேலே வருகிறது. கரண்டியால் சூடான எண்ணெயை அதன் தலையில் இரண்டு முறை வாரி விடுகிறார், நடு உப்புகிறது. திருப்பிப் போட்டு, சிவக்கும் முன்பே எடுத்துவிடுகிறார். வெள்ளையாகவே இருக்க வேண்டும், பெயரே அதற்குத்தான். விளிம்பு லேசாக மொறுமொறுக்கும், நடு பஞ்சு. காரமான மிளகாய்ச் சட்னியில் தொட்டால் பாலின் இனிப்பு அப்போதுதான் தெரியும்.

ஒரு கடாயில் ஒவ்வொன்றாகத்தான் போட முடியும் என்பதால் அவசரப்படுத்தாதீர்கள். உங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஆளுக்கு ஆறு கேட்டிருந்தால் பதினெட்டு முடிய வேண்டும். நான்கு நண்பர்களோடு போகிறீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஆறிப்போனால் அதன் அழகு போய்விடும், பார்சல் வாங்கி அறைக்குக் கொண்டுபோக ஏற்றதும் இல்லை. பார்சலுக்கு மணகோலம், தேங்குழல், சீப்புச் சீடை, அதிரசம் இருக்கின்றன, ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பில் கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள். நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்திலிருந்து இந்த வீடுகளுக்குள் வந்த கறுப்பரிசி அது. முகூர்த்த நாட்களில் பலகாரம் செய்கிறவர்கள் கல்யாண ஆர்டரில் மூழ்கியிருப்பார்கள், கடைக்கு வருவது குறையும். ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

நாட்காட்டியையும் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடைக்காலம் உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அந்தத் தடை. காரைக்குடிக்குக் கடல் இல்லையே என்று நினைக்க வேண்டாம், தொண்டிப் பக்கத்துக் கடற்கரை தென்கிழக்கே எட்டிவிடும் தூரம்தான், அங்கே படகு நின்றால் இங்கே தட்டில் கிண்ணம் குறையும். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனும் குளத்து மீனும்தான். கடல் மீன் விலை ஏறியிருந்தால் கடைக்காரரைக் கோபிக்காதீர்கள்.

புரட்டாசி வந்தால் அசைவ மெஸ்கள் இளைத்துப்போகும், சனிக்கிழமைகளில் சில கடைகள் திறப்பதே இல்லை. ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டாலும் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள், கடையில் வேலை செய்கிறவர்களே விரதத்தில் இருப்பார்கள். ஆடியில் கும்மாயம் செய்வார்கள்: உளுந்து, பாசிப்பருப்பு, அரிசி வறுத்து அரைத்த மாவில் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது. கடையில் கிடைப்பதைவிட, பழகியவர் வீட்டிலிருந்து வருவது அதிகம்.

பார்சல், பில்

பார்சலுக்குப் பாத்திரம் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகள், உணவு கட்டும் தாள்கள், கோப்பைகளுக்குத் தடை இருக்கிறது. இருந்தும் கொதிக்கிற குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தரும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. சட்டத்தை விடுங்கள், உங்கள் உடம்புக்காகவாவது ஓர் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவாளியோடு வருகிறவருக்குக் குழம்பு தாராளமாக விழுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்சல் சாப்பாடு இலைச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கும், சோறும் கூடுதலாக இருக்கும். சிறு வயிற்றுக்காரர் இருவர் பங்கிட்டுச் சாப்பிடலாம்.

பில்லில் வரியைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை, சாப்பிடுகிறவரிடம் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. அந்தத் திட்டத்தில் இருப்பதாகப் போர்டிலும் பில்லிலும் போட்டிருக்க வேண்டும். தெருமுனைக் கடைகள் பலவற்றில் வாயால் சொல்லும் தொகைதான் முழுத் தொகை. கியூஆர் அட்டை எல்லா இடத்திலும் வந்துவிட்டது, ஆனாலும் கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், நெரிசல் நேரத்தில் நெட் இழுக்கும்.

சாப்பாடு சரியில்லை என்றால்

வரும், எந்தக் கடையிலும் ஒரு நாள் வரும். எனக்கு ஒரு டிபன் கடையில் தேங்காய்ச் சட்னி கெட்டுப்போய் வந்தது. வெயில் காலம், காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முந்தைய வாரம் வேறொருவர் இதேபோல் ஒன்றுக்கு நடுக்கடையில் நின்று சத்தம் போட்டதையும், கடைக்காரர் பதிலுக்குச் சத்தம் போட்டதையும், கடைசியில் சட்னி பற்றிய பேச்சே இல்லாமல் போனதையும் பார்த்திருந்தேன். நான் எழுந்து கல்லாவுக்குப் போய், “அண்ணே, சட்னி புளிச்சிருக்கு, ஒரு வாய் பாருங்க” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் சட்னி வாளியை அப்படியே எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தக்காளிச் சட்னி வந்தது. என்னிடம் காசு வாங்க மறுத்தார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன். குறையை ருசி பார்க்கச் சொல்லிக் காட்டுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

இப்படிச் சொல்லியும் திரும்பத் திரும்ப நடக்கிறது, அல்லது சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனது என்றால் அது வேறு. உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், அதில் 14 இலக்க எண் இருக்கும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். அதையும், சாப்பிட்ட தேதி, நேரத்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்குப் புகார் கொடுக்கலாம். மாவட்டத் தலைநகர் சிவகங்கை.

மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது, நீங்கள் எழுதுவது

போனில் கடையின் பெயரைத் தட்டினால் நட்சத்திரமும் கருத்தும் வந்துவிடும். நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். சமையல் மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும், நான்கு வருடத்துக்கு முந்தைய புகழ் இன்றைய குழம்புக்கு உதவாது. ‘இரண்டரைக்குப் போனேன், எதுவும் இல்லை’ என்று யாராவது குறைப்பட்டு எழுதியிருந்தால் எனக்கு அந்தக் கடை மேல் நம்பிக்கைதான் வரும். அன்று சமைத்தது அன்றே தீர்கிறது. ‘கை கழுவும் இடம் சுத்தமில்லை’, ‘காலையில் செய்த வறுவலை இரவில் சுடவைத்துத் தருகிறார்கள்’ என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் நம்புங்கள். சுற்றுலா வந்தவர் ஒரு வேளை சாப்பிட்டு எழுதுவதற்கும் இங்கேயே இருப்பவர் எழுதுவதற்கும் வித்தியாசம் தெரியும்: இருப்பவர் கிழமையைச் சொல்லுவார்.

நீங்கள் எழுதும்போதும் எந்த நாள், எந்த நேரம், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். குறையை முதலில் கடைக்காரரிடம் சொன்னீர்களா, அவர் என்ன செய்தார் என்பதையும் சேருங்கள். சின்னக் கடைக்கு ஒரு குறைச்சொல் பெரிய அடி. சட்னியைக் கொட்டிய அந்த அண்ணனைப் பற்றி ஒருவரும் எங்கும் எழுதவில்லை, நான்தான் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அவர் மகன் அதை வாசித்துக் காட்டியிருக்கிறான். அவர் என்னிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தோசை மட்டும் ஓரம் நன்றாக முறுகலாக வந்தது.

மாதக் கணக்கு

ஒரு கடை ஒத்துவந்துவிட்டால், மூன்று நான்கு வாரம் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு மாதக் கணக்கு வைக்கலாமா என்று கேளுங்கள். முதல் நாளே கேட்கக் கூடாது. சில மெஸ்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள், சிலவற்றில் பற்று நோட்டில் எழுதுவார்கள். நோட்டு என்றால் தினமும் எழுதும்போது ஒரு பார்வை பாருங்கள், உங்கள் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள். அவநம்பிக்கை இல்லை, இருவருக்கும் சண்டை வராமல் இருக்க. சாப்பிடாத வேளைக்குக் கழிவு உண்டா, விருந்தாளி வந்தால் எப்படி, ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சாப்பாடு இதில் சேர்த்தியா என்ற மூன்றையும் பேசித் தெளிந்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்பும்போது கணக்கை முடித்துவிட்டு, எத்தனை நாள் வர மாட்டீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பங்கு அரிசியை அந்த நாட்களில் உலையில் போட மாட்டார்கள். திரும்பி வரும் நாள் ராத்திரி பஸ் தாமதமாகும் என்று தெரிந்தால் வழியிலிருந்தே ஒரு போன் பண்ணுங்கள், நாலு இட்லியை மூடி வைத்திருப்பார்கள்.